வயரில்லாத சனியனும் வாய் திறக்காத நானும்

மச்சான்,

இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். சிதம்பரத்தில் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடுவார்கள். கடலூரில் நம்பியது போல் தலையாட்டிவிட்டு, நான் தெருமுனை திரும்பியதும் சிரிப்பார்கள். ஆனாலும், முப்பது வருஷம் மைக் செட் கட்டிப் பிழைத்த இந்த வாயால் ஆணையிடுகிறேன்: இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. நீ எதிரில் இருந்திருந்தால் முதல் வரியிலேயே, "ஆரம்பிச்சிட்டான்டா" என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போயிருப்பாய். இனி உன்னால் எழுந்து போகமுடியாது. ஆகையால் கேள்.

நேற்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். புறப்படும்போது செல்வி ஒரு மஞ்சள் பையைக் கையில் கொடுத்தாள். "அவுரு சாமான்ணா. தூக்கிப் போட மனசு வர்ல, கண்ணு முன்னால வச்சிக்கவும் முடியல. நீ எடுத்துனு போ" என்றாள். பஸ் புவனகிரி தாண்டுவதற்குள் திறந்து பார்த்துவிட்டேன். உன் மூக்குக்கண்ணாடி, மொபெட் சாவி, பல் உடைந்த சீப்பு, அடியில் அது. ஃபோன் பேச உன் காதில் மாட்டியிருப்பாயே, கறுப்பாக, கட்டைவிரல் நீளத்தில், செத்த கரப்பான்பூச்சி மாதிரி ஒரு வஸ்து. வயரே இல்லாத அந்தச் சனியன்.

மூக்கருகே கொண்டு போனேன். கொண்டு போயிருக்கக் கூடாது. தேங்காயெண்ணெய், காது அழுக்கு, வியர்வை, உன் உரக்கடையின் பூச்சிமருந்துப் புழுதி எல்லாம் சேர்ந்து பத்து வருஷம் மூடிவைத்த ஊறுகாய்ச் சாடி மாதிரி ஒரு வாடை. பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர், தன் ஊர் வரவில்லை என்றாலும், இறங்கிவிட்டார். டிரைவர் மூன்று முறை தும்மினார். மூன்று முறையும் பஸ் வயலில் இறங்கி ஏறியது. குமட்டிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனாலும் அதைத் திரும்பப் பைக்குள் போடவில்லை. கடலூர் வரும்வரை உள்ளங்கையிலேயே வைத்திருந்தேன்.

அது உன் காதுக்குள் குடிவந்தது 2007இல் என்று நினைவு. அதற்கு முன்பு நீ மனிதனாக இருந்தாய். கீரப்பாளையத்தில் உன் உரக்கடைக்கு வந்தால், பெஞ்சில் உட்காரச்சொல்லி, டீ வரவழைத்து, பள்ளிக்கூடக் கதை பேசுவாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு நாம். பிறகு என் தங்கச்சி செல்வியைக் கட்டி என் உறவிலும் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டாய். அந்தச் சனியன் வந்தபிறகு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "டிஏபி ரெண்டு மூட்ட இருக்குது, சாயந்தரம் வா" என்பாய். எனக்கு எதற்கடா டிஏபி என்று விழிப்பேன். காதைத் தொட்டுக்காட்டிச் சிரிப்பாய். ஆகாய விமானம் ஓட்டுகிறவன்கூட அவ்வளவு மிடுக்காக மாட்டியிருக்கமாட்டான். கேட்டால், "கை ரெண்டும் மூட்டைக்கு, காது ஒண்ணு வெவசாயிக்கு மச்சான்" என்பாய்.

அதற்கென்று ஒரு பழக்கமும் வந்துவிட்டது உனக்கு. பேச்சு முடிந்ததும் காதிலிருக்கும் பட்டனை ஒரு அமுக்கு, ஃபோன் கட். உடனே கழற்றிச் சட்டைப்பையில் ஒரு போடு. அமுக்கு, கழற்று, போடு. தூக்கத்தில்கூட நீ காதைத் தொட்டு, இல்லாத சட்டைப்பையைத் தேடுவாய் என்று செல்வி சொல்லிச் சிரித்திருக்கிறாள். இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள். பின்னால் வருகிறது.

2010 ஆனி மாதம். உன் வயிற்றுக்குள் ஒரு கட்டி இருப்பதாகப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துச் சொன்னார்கள். குடலில். அறுத்து எடுத்தால்தான் உண்டு. அது என்ன கட்டி என்றும் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். திரும்பி வந்த அன்றே நீ என்னையும் செல்வியையும் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டாய். எவர்சில்வர் தட்டில் கற்பூரம் ஏற்றினாய்.

"கயலுக்கு யாரும் சொல்லக்கூடாது. வேலைல சேந்து நாலு மாசந்தான் ஆவுது. தெரிஞ்சா அடுத்த நிமிஷம் கெளம்பி வந்துடுவா. வேல போயிடும். சத்தியம் பண்ணுங்க."

உன் ஒரே மகள் கயல் சிங்கப்பூரில் இருந்தாள். செல்வி அழுதுகொண்டே கற்பூரத்தில் கைவைத்தாள். என்னிடம் தட்டை நீட்டி, "நீ வெறுங்கையால பண்ணாத. உன் சத்தியத்த நாய்கூட நம்பாது. உன் தங்கச்சி தலமேல கைய வச்சிச் சொல்லு" என்றாய். வைத்தேன். "என் வாயால கயலுக்கு ஒரு வார்த்த சொல்லமாட்டேன்" என்றேன். செல்வியின் உச்சந்தலை கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூடு என் உள்ளங்கையை விட்டு இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கயல் கூப்பிடுவாள். அவள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன லேப்டாப், உன் வீட்டு ஹாலில், வாங்கிவந்த அன்று பூஜைபோட்டு வைத்த குங்குமப் பொட்டு அழியாமல், மேஜைமேல் கொலுவீற்றிருக்கும். பேசி முடித்ததும் செல்வி அதன்மேல் பூப்போட்ட துணியைப் போர்த்துவாள். மடித்து மூடமாட்டாள், மடித்தால் இடுப்பு ஒடிந்துவிடும் என்று அவளுக்குப் பயம். திறந்த வாக்கிலேயே, மூச்சுவிட இடம்கொடுத்து, குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி போர்த்துவாள்.

இளைத்துப்போன உன் முகத்தை மகள் பார்க்கக்கூடாது என்று, லேப்டாப்பின் கண்ணுக்குமேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிவிட்டாய். "கேமரா ரிப்பேர்டா" என்று மூன்று வாரம் ஓட்டினாய். முகத்தை மறைத்துவிட்டாய். வீட்டை எப்படி மறைப்பாய்? நோயாளி வீடு என்றால் நம் ஜனங்களுக்குத் திருவிழா. தெருவே திரண்டு வந்தது. குடலில் கட்டி என்று சொன்னவனைப் பார்க்க, பண்ருட்டியிலிருந்து ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் சுமந்து ஒருத்தர் வந்தார். அதை ஹால் நடுவில் வெட்டி, பாலைத் தரையெல்லாம் ஒழுகவிட்டு, நோயாளியைச் சுற்றி உட்கார்ந்து அவர்களே தின்றார்கள். ஒருத்தி சுளையை மென்றுகொண்டே, "எங்க சின்னமாமனாருக்கும் இதே எடத்துலதான்" என்று கதையை எடுத்தாள். எத்தனை பேர் எத்தனை விதமாகச் செத்தார்கள் என்று அந்த ஹாலில் கேட்ட பிறகு, சுடுகாட்டில் உட்கார்ந்திருப்பது உல்லாசமாக இருக்கும். வாய்வழியே வழிந்த பலாச்சாற்றைப் புறங்கையால் துடைத்து, அதே கையால் உன் கன்னத்தைத் தடவினாள் அவள். அருவருப்பில் எனக்குத் தோல் சுருங்கியது.

முந்தின வாரம் நீ பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ, "ஆப்ரேசனுக்கு ரத்தம் ரெடி பண்ணிட்டீங்களா?" என்று கத்தியிருக்கிறார். லேப்டாப் அதை அப்படியே சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டது. "பக்கத்து வீட்டு டிவிடா" என்று நீ சமாளித்தாய். அன்று மாலையே எனக்கு ஃபோன் போட்டாய்.

"மச்சான், நீதான் மைக் செட்டுக்காரனாச்சே. என் காதுல மாட்றத லேப்டாப்புல மாட்டிக் குடு. வாய்கிட்ட இருந்தா என் பேச்சு மட்டுந்தான் போவும். இவுங்க சத்தம் போவாது. அடுத்த வியாழக்கெழம ஆப்ரேசன். இந்த ஒரு ஞாயித்துக்கெழமையத் தாண்டிட்டா போதும்."

நான் யார்? கூம்பு ஸ்பீக்கரைப் பனைமரத்தில் ஏற்றிக் கட்டினால், கடலூர் முதுநகரில் வைத்த பாட்டுக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் தொட்டில் ஆடும் என்று பேர் வாங்கியவன். எனக்கு ஒலி என்றால் வயர். வயரைக் கையால் தடவிக்கொண்டே போனால், ஒன்று ஸ்பீக்கர் வரும், இல்லாவிட்டால் எலி கடித்த இடம் வரும். இரண்டில் ஒன்று நிச்சயம். இந்தச் சனியனில் தடவ என்ன இருக்கிறது? ஆனால் தெரியாது என்று சொல்ல என் வாய்க்குப் பழக்கமில்லை. "இதெல்லாம் ஒரு வேலையா? கண்ண மூடிக்கினு மாட்டுவேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே வந்துவிட்டேன். லேப்டாப்பைத் தேடச் சொன்னேன். அது உன் காதுக்கருவியைத் தவிர தெருவிலிருந்த எல்லாவற்றையும் கண்டுபிடித்தது. எதிர்வீட்டு ஃபோன், மாடிவீட்டு ஃபோன், 'டேஞ்சர்' என்று பேர் வைத்துக்கொண்டு எவனோ ஒருத்தன். உன்னுடையது மட்டும் இல்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. அது இன்னும் உன் ஃபோனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையை விட்டால்தான் இந்தக் கையைப் பிடிக்கும். உன் ஃபோனில் ப்ளூடூத்தை அணைத்தேன். கருவியின் பட்டனை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"உட்ராத, அமுக்கினே இரு மச்சான்" என்றாய்.

"எவ்ளோ நேரம்டா?"

"அது அழுவுற வரைக்கும்."

அமுக்கிக்கொண்டே இருந்தேன். கட்டைவிரல் நகம் வெளுத்தது. திடீரென்று சிவப்பும் நீலமுமாக மாறிமாறி மின்னியது. துணை தேடுகிறது என்று அர்த்தமாம். லேப்டாப்பில் அதன் பேர் வந்தது. உடனே ரகசிய எண் கேட்டது. கயல் பிறந்த தேதி, உன் கல்யாண தேதி, மொபெட் நம்பர் எல்லாம் போட்டேன். கடைசியில் அட்டைப்பெட்டியைத் தேடியெடுத்து, உன் கண்ணாடியைப் போட்டுப் படித்தால், நான்கு பூஜ்யம். உலகத்துக்கே தெரியாமல் பூட்டிவைத்த ரகசியம் நான்கு முட்டை! காறித்துப்பலாம் போலிருந்தது.

சேர்ந்தது. ஆனால் சத்தம் இன்னும் லேப்டாப் வாயிலிருந்துதான் வந்தது. கேட்பதும் பேசுவதும் எதன் வழியாக என்று இரண்டு இடத்தில் மாற்றிச் சொல்லவேண்டுமாம். கட்டிக்கொடுத்த பிறகும் வீட்டுக்கு அனுப்பாத மாமனார் மாதிரி. மாற்றினேன். "போட்டுப் பாரு, கேக்குதா?" என்றேன். நீ கேட்டாயே ஒரு கேள்வி: "நீதான கட்டுன, நீ போட்டுப் பாரு."

மச்சான், ஒலிச் சக்கரவர்த்தியாக வாழ்ந்த நான், அதைக் காதில் நுழைத்த அந்தக் கணத்தில் செத்துப் பிழைத்தேன். உன் காதில் மூன்று வருஷம் ஊறிய அந்த ரப்பர்! சில்லென்று, பிசுக்கென்று உள்ளே இறங்கியது. அந்த அழுக்கைச் சுரண்டி எடுத்தால் துறைமுகத்தில் நாலு படகுக்கு ஓட்டை அடைக்கலாம். "துடைக்க மாட்டியாடா நீ?" என்று அலறினேன். "துடைச்சா சத்தம் கொறையும்" என்றாய், பெரிய விஞ்ஞானி மாதிரி. ஆனால் கேட்டது. லேப்டாப் போட்ட 'டிங்' சத்தம் என் மண்டைக்குள் அடித்தது. அப்போதுதான் அதன் விளக்கைக் கவனித்தேன். சும்மா இருந்தால் நீலம் ஒற்றையாக மினுங்கும். பேச்சு ஓடினால் இரட்டை இரட்டையாக மினுங்கும்.

பதினோரு மணிக்குக் கயல் வந்தாள். நீ காதில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாய். ஹாலில் பலாப்பழக் கூட்டத்தை நான் ஜாடையால் மிரட்டி வைத்திருந்தேன். உன் பேச்சு மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது.

"சாப்ட்டன்டா... தோச... கேஸ் ட்ரபிள்தான்டா, அது எப்பவும் இருக்கறதுதான... கேமரா இன்னும் ரிப்பேர்தான்... கொரலா? சளி புடிச்சிருக்குது... இன்னாத்துக்கு லீவு? வேணாம். தீபாவளிக்கு வா, போதும். வராதன்னா வராத, புரியுதா? கட் பண்றன்."

அமுக்கினாய். கழற்றினாய். சட்டைப்பையில் போட்டாய். செல்வி ஓடிவந்து லேப்டாப்புக்குத் துணியைப் போர்த்தினாள். கூட்டம் ஒரே மூச்சில் வாயைத் திறந்தது. நீ எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாய். நான் பின்னாலேயே வந்தேன்.

பம்பு செட்டு மறைவில் குனிந்து வாந்தி எடுத்தாய். காலையில் தின்ற அரைத் தோசை, மருந்து, பச்சையாகப் பித்தம். நான் உன் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். என் செருப்பிலும் பட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். நீ வாயைக் கொப்பளித்து, துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தாய். கண்ணில் நீர் நின்றது. வாந்தியால் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

பிறகு நான் பேசினேன். என்ன பேசினேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், என் கையும் கொஞ்சம் நாறட்டும்.

"அழுவாத மச்சான். பொட்டப்புள்ளயப் படிக்க வச்சி பிளேன்ல ஏத்துனா இப்படித்தான். அப்பன் கொரல்ல இருக்குற நோவு தெரியாதவ இன்னா பொண்ணு? அவ அங்க ஏசில ஜாலியா ஒக்காந்துனு இருக்கா. நீ செத்தாக்கூட ஃபோட்டோவுக்குக் கம்ப்யூட்டர்லயே மால போட்டுடுவா. விட்டுத் தல முழுவு."

நீ நிமிர்ந்து பார்த்தாய். நாற்பது வருஷத்தில் நீ என்னை அப்படிப் பார்த்ததில்லை. காலில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை.

"வாய மூட்றா நாயே! எம் பொண்ணப் பத்தி இன்னாடா தெரியும் உனக்கு? கூப்ட்டா வந்துடுவாடா. கூப்ட்டா வந்துடுவான்னுதான்டா கூப்டல!" மூச்சு வாங்கியது உனக்கு. "வியாழக்கெழம வயித்த அறுக்கறாங்க. அறுக்கறதுக்கு எனக்குப் பயமில்ல. மயக்கமருந்து போடுவாங்களாம், ஒண்ணுலேர்ந்து எண்ணச் சொல்லுவாங்களாம். எண்ணும்போது அவ மொகம் சரியா ஞாபகம் வராம போயிடுமோன்னு... அதாண்டா பயமா இருக்குது. நாலு மாசமாச்சி நேர்ல பாத்து. கம்ப்யூட்டர்ல தெரியறதெல்லாம் ஒரு மொகமா? ஒரு தபா பாத்துட்டாப் போதும்டா."

உன் சட்டைப்பைக்குள்ளிருந்து ஈ முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நீ பையைத் தட்டிவிட்டாய்.

"நீ சொன்ன வார்த்தையக் கேட்டதுக்கு எனக்குக் கொமட்டுது. இனிமே உன் மூஞ்சில முழிக்கவே அசிங்கமா இருக்குது. எழுந்து போ." என் காலருகில் காறித் துப்பினாய். த்தூ.

நான் போனேன். ஹாலில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. சுளை பிரிப்பதில் இருந்தார்கள். லேப்டாப்பின் துணியைத் தூக்கிப் பார்த்தேன். பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஃபோனில் பேச்சை வெட்டுகிற உன் பட்டன், லேப்டாப் பேச்சை வெட்டவில்லை. சத்தம் முழுக்க உன் பைக்குள் போய்விட்டதால், துணிக்கடியில் அது ஊமையாகக் கிடந்தது. உன் ஹாலிலிருந்து பின்கட்டு இருபதடிகூட இல்லை. அந்தச் சனியன் முப்பதடிவரை எட்டும். வாந்தி, என் நாற்றப் பேச்சு, உன் பயம் எல்லாம் கயல் காதுக்குப் போயிருந்தது. பையில் முனகிய ஈ அவள்தான். அப்பா, அப்பா என்று கத்தியிருக்கிறாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. திரையிலிருந்த சிவப்பு பட்டனை அமுக்கி வெட்டினேன். துணியைத் திரும்பப் போர்த்தினேன். கடலூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

புதன்கிழமை காலை ஆஸ்பத்திரி வராந்தாவில், தோளில் ஒரே ஒரு பையோடு, கயல் நடந்து வந்தாள். நான் வழியில் நின்றிருந்தேன். "தள்ளுங்க மாமா" என்றாள். அவ்வளவுதான். கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்து, உன் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இப்ப நல்லா பாத்துக்கப்பா" என்றாள்.

நீ வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாய். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாய். "துரோகி, சொல்லிட்டியா?" என்றாய்.

"உன் பொண்டாட்டி தலமேல சத்தியம். என் வாயால அவகிட்ட ஒரு எழுத்து சொல்லல" என்றேன்.

"யாரும் சொல்லலப்பா. எனக்கே மனசுல பட்டுது" என்றாள் கயல். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

மறுநாள் உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது நீ நான்குவரைதான் எண்ணினாயாம். நர்ஸ் பிறகு சொன்னார். சிரித்த முகமாய் எண்ணினாயாம். கட்டியை எடுத்தார்கள். கயலின் வேலையும் போகவில்லை. அவள் முதலாளி நீ பயந்த ராட்சசன் இல்லை, இரண்டு வாரம் லீவு கொடுத்திருக்கிறான். உனக்கு அதற்குப்பிறகு இருபது மாதம் கிடைத்தது. இரண்டு தீபாவளிக்கும் அவள் வந்தாள். நீ கடைக்குப் போனாய், மொபெட் ஓட்டினாய், அந்தச் சனியனைத் திரும்பக் காதில் மாட்டினாய். என்னோடு மட்டும் எட்டு மாதம் பேசவில்லை. ஒன்பதாவது மாதம் ஃபோன் போட்டு, "மாரியம்மன் திருவிழாக்கு மைக் செட் வேணும், வர்றியா" என்றாய், ஒன்றுமே நடக்காத மாதிரி. ஆனால் கயல் பேச்சு வந்தால் என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாய். அது கடைசிவரை மாறவில்லை.

போன மாசியில் உன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த அன்று, கயல் எல்லோருக்கும் காபி கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். தம்ளரைக் கையில் கொடுக்கவில்லை. பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் காதில் என் பேச்சு இன்னும் இருக்கிறது. இருக்கட்டும். அதைத் துடைக்கவேண்டுமென்றால் நான் அவளிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி வாய் திறக்கவேண்டும். செல்வி தலைமேல் கைவைத்தவன் நான். நீ போனதால் சத்தியம் முடிந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்கவும் முடியாது.

எனக்கு என்மேல் குமட்டுவது அவள் கேட்டதற்காக அல்ல, மச்சான். அந்த வார்த்தைகளை நான் தேடவே இல்லை. வாயைத் திறந்ததும் வரிசையில் நின்று காத்திருந்தவை போல வந்து விழுந்தன. எங்கே ஊறிக் கிடந்தன இத்தனை நாள்? உன் காது அழுக்கைப் பார்த்து மூக்கைப் பொத்தியவன் நான்.

இன்று காலை அதை சார்ஜ் போட்டேன். செத்திருக்கும் என்று நினைத்தேன். சிவப்பும் நீலமுமாக மாறிமாறி மின்னியது. யாரையோ தேடுகிறது. துடைக்கத் துணியை எடுத்தேன், துடைக்கவில்லை. அப்படியே, அந்த நாற்றத்தோடு, காதில் நுழைத்துக்கொண்டேன். சில்லென்று இறங்கியது. ஒன்றும் கேட்கவில்லை. கழற்றத் தோன்றாமல் என் மைக் செட் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாம் நான் ஃபோனில் இருக்கிறேன் என்று நினைத்துக் காத்திருந்தார்கள்.

பஸ் வயலில் இறங்கியது, படகு ஓட்டையை அடைத்தது, மேல்பட்டாம்பாக்கத்தில் தொட்டில் ஆடியது எல்லாம் புளுகு. துணியைத் தூக்கிப் பார்த்தபோதுதான் பேச்சு ஓடுவது எனக்குத் தெரிந்தது என்று மேலே ஒரு மாதிரி எழுதியிருக்கிறேனே, அதுவும் புளுகுதான். உன் வழக்கப்படி எதையும் நம்பாதே. ஒரே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் நம்பு. நீ துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாய். நான் உன் எதிரில் நின்றிருந்தேன். உன் வெள்ளைச் சட்டைப்பையின் நைந்த துணிக்குள் நீலம் இரட்டை இரட்டையாக மினுங்கிக்கொண்டிருந்தது. பார்த்தேன். பார்த்தபிறகுதான் வாயைத் திறந்தேன். கயலிடம் சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம். உன்னிடம் பேசமாட்டேன் என்று இல்லையே, மச்சான். அது மட்டும் நிசம்.